சாமியார் காலில் பந்து

ஆட்டம் 2-2. இருட்ட இன்னும் பத்து நிமிடம் இருக்கும். குருசடிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த எங்கள் மணல் மைதானத்தில், பந்து பங்குச் சாமியாரின் காலில் இருந்தது.

அங்கியைப் பூவரசங்கிளையில் தொங்கவிட்டு, பேன்ட்டை முழங்கால்வரை மடக்கிக்கொண்டு ஆடுவார். பெரிய ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. இடது கால் வெறும் ஊன்றுகோல்தான். வலது காலில் மட்டும் கொஞ்சம் வித்தை உண்டு. ஆனாலும் அவர் எங்கள் பங்குக்கு வந்த இரண்டு வருடத்தில் அவர் காலிலிருந்து பந்தை ஒருவனும் பிடுங்கியதில்லை. அவர் வந்தால் திருவிழாச் சப்பரத்துக்கு விலகுவதுபோல் இரு பக்கமும் ஒதுங்குவோம். கோலி ஒரு பக்கம் சாய்ந்து விழுவான், பந்து மறுபக்கம் உருண்டு போகும். இரண்டு டீமும் சேர்ந்து கைதட்டும்.

அன்றைக்கு எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை. பதினான்கு வயது. சறுக்கிக்கொண்டு போய்க் காலைக் கொடுத்தேன். பந்தும் வந்தது, சாமியாரும் வந்தார். அவர் முகம் மணலில் புதைந்தது.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "எலேய்!" என்று ஒரு குரல். என் டீம்காரனே என்னைவிட்டு இரண்டடி தள்ளிப் போனான். சாமியார் எழுந்தார். வாயிலிருந்த மணலைத் துப்பினார். பிறகு, பூசையில்கூட நாங்கள் கேட்டிராத சத்தத்தில் கத்தினார்: "ஃபவுல்! ஃபவுல்லே அது!"

ஃப்ரீ கிக்கை அவரே அடித்தார். பந்து கோலுக்கு மேலே பறந்து கடலில் விழுந்தது. ஆட்டம் அத்தோடு முடிந்தது.

வீட்டில் எனக்கு விழுந்த அடியை இங்கே விவரிக்கப் போவதில்லை. சாமியாரைத் தள்ளிவிட்டவனுக்கு நரகத்தில்கூட இடம் கிடையாது என்றாள் பாட்டி. மறுநாள் மாலை டீம் பிரிக்கும்போது சாமியார் என்னைக் கையால் சுட்டி, "இவன எனக்கு எதிர் டீம்ல போடுங்க" என்றார். பழிவாங்கத்தான் கேட்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அப்படி இல்லை என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

கால் பட்டால் தொட்டுக் கும்பிடும் ஊர்

விளையாட்டு என்றால் உடம்பு. மரியாதையையும் நாம் உடம்பால்தான் காட்டுகிறோம். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது சிக்கல் வருகிறது.

பெரியவர் எதிரே வந்தால் தோள்துண்டு இடுப்புக்கு இறங்கும். சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பான். சாமி சன்னிதியில் முதுகைக் காட்டாமல் பின்னோக்கி நடப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. தெரியாமல் ஒருவர்மேல் கால் பட்டுவிட்டால் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். கால்பந்தோ இதற்கெல்லாம் நேர்மாறு. முதுகைக் காட்டி மறிக்க வேண்டும், தோளால் இடிக்க வேண்டும், காலோடு கால் மோத வேண்டும். ஒவ்வொரு மோதலுக்கும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தால் எதிரணி மூன்று கோல் போட்டுவிட்டுப் போகும். ஆகவே ஒரு துறவியோ பாதிரியாரோ இமாமோ ஆடுகளத்துக்குள் வந்தால், நம்மவர்களின் கைகாலுக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. ஒதுங்கி நிற்பதுதான் அவற்றுக்குத் தெரிந்த ஒரே வழி.

அதில் என்ன தப்பு, வயதான மனுஷன் சாயங்காலம் அரைமணி நேரம் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் நாம் யாருக்கெல்லாம் விட்டுக்கொடுத்து ஆடுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நான்கு வயதுப் பிள்ளையோடு தாயம் ஆடும்போது விட்டுக்கொடுக்கிறோம். கண் தெரியாத தாத்தாவோடு சீட்டு ஆடும்போது விட்டுக்கொடுக்கிறோம். அந்த வரிசையில்தான் சாமியாரையும் கொண்டுபோய் நிறுத்துகிறோம். அவருக்கு அது தெரியாது என்று வேறு நினைத்துக்கொள்கிறோம். எங்கள் சாமியாருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு வருடமாக, இருபத்திரண்டு பேர் ஆடும் மைதானத்தில் அவர் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தார்.

தோற்றவர் தோளில் ஏற்றும் விதி

பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் வரும் ஒரு விளையாட்டு எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆயர்பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒன்றுக்குக் கண்ணன் தலைவன், மற்றதற்குப் பலராமன். தோற்றவர்கள் வென்றவர்களை முதுகில் சுமந்துகொண்டு பாண்டீரம் என்ற ஆலமரம்வரை போக வேண்டும் என்பது பந்தயம். கண்ணன் கட்சி தோற்கிறது. கண்ணன் குனிகிறான், ஸ்ரீதாமா என்ற இடைப்பையன் அவன் முதுகில் ஏறிக்கொள்கிறான்.

வைணவர்கள் இதை சௌலப்பியம் என்பார்கள். இறைவன் தன் எளிமையைக் காட்டுவது என்று பொருள் சொல்வார்கள். எனக்குக் கண்ணனைவிட ஸ்ரீதாமாவின் மேல்தான் பிரியம். 'ஐயோ, வேண்டாம்' என்று அவன் சொல்லவில்லை. பந்தயம் பந்தயம்தான் என்று ஏறி உட்கார்ந்துவிட்டான். அவன் ஏறாமல் கைகூப்பி நின்றிருந்தால் அங்கே விளையாட்டும் இல்லை, சௌலப்பியமும் இல்லை.

இதற்கு நேர் எதிரான மனநிலையை நபிகள் நாயகத்தின் காலத்துச் சம்பவம் ஒன்று காட்டுகிறது. புகாரி ஹதீஸ் தொகுப்பில் அனஸ் (ரலி) சொல்வதாக வருகிறது. நபிகளிடம் அள்பா என்று ஒரு ஒட்டகம் இருந்தது. பந்தயத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமத்து அரபி ஒருவர் ஓர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது தாங்கவில்லை, முகம் வாடிப்போனது. நபிகள் அதைக் கவனித்து, இவ்வுலகில் உயர்வது எதுவானாலும் அதைத் தாழ்த்தாமல் இறைவன் விடுவதில்லை என்ற பொருளில் பேசினார்கள். தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடித் தோற்றதும், பிற்பாடு ஒருமுறை வென்று, அன்றைய தோல்விக்கு இது ஈடு என்று சொன்னதும் ஹதீஸ்களில் உண்டு. அந்தக் கிராமத்து அரபி தம் ஒட்டகத்தை இழுத்துப் பிடிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வருத்தமெல்லாம் சுற்றி நின்றவர்களுக்குத்தான். அன்றைக்குக் கரையில் வலை பொத்தியவர்களைப்போல.

(கீதையைவிடக் கால்பந்து உங்களைச் சொர்க்கத்துக்கு அருகே கொண்டுபோகும் என்ற பொருளில் 1897-ல் சென்னையில் விவேகானந்தர் பேசியதை இந்த இடத்தில் எல்லோரும் எடுத்துவிடுவார்கள். அவர் பேசியது இளைஞர்களின் உடல்வலிமையைப் பற்றி. எதிர் டீமில் சாமியார் இருந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை.)

கேட்சை விட்ட பாதிரியார்

இந்த விஷயத்தில் உலகம் பார்த்த மிக நல்ல உதாரணம் ஓர் ஆங்கிலேயக் கிரிக்கெட் வீரர். பெயர் டேவிட் ஷெப்பர்ட். ஸ்கோர் 111 ஆனால் ஒற்றைக் காலில் துள்ளுவாரே அந்த நடுவர் இல்லை, இவர் வேறு. மேய்ப்பர் என்று பொருள்படும் பெயரோடு ஒருவர் பாதிரியாரானது தற்செயல்தான்.

ஷெப்பர்ட் 1929-ல் பிறந்தவர். கேம்பிரிட்ஜ், சசெக்ஸ் அணிகளில் ஆடி, 1950-ல் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடினார். 1954-ல் லென் ஹட்டன் உடல்நலமில்லாமல் இருந்தபோது பாகிஸ்தானுக்கு எதிராக இரண்டு டெஸ்ட்களுக்குக் கேப்டனாகவும் இருந்தார். அடுத்த வருடமே ஆங்கிலிகன் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றுத் திருப்பணிக்குப் போய்விட்டார். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 1956-ல் ஆஸ்திரேலியா வந்தபோது தேர்வாளர்கள் அவரைத் திரும்ப அழைத்தார்கள். ஓல்ட் டிராஃபோர்டில் 113 அடித்தார். அந்த ஆட்டத்தை உலகம் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. ஜிம் லேக்கர் 19 விக்கெட் எடுத்தது அதில்தான். குருப்பட்டம் பெற்ற ஒருவர் டெஸ்ட் ஆடியது அதற்கு முன் நடந்ததில்லை.

பிறகு கிழக்கு லண்டனின் கேனிங் டவுனில், துறைமுகத் தொழிலாளர்கள் வாழ்ந்த பகுதியில், ஒரு சமூக மையத்தை நடத்திக்கொண்டிருந்தார். 1962-63 ஆஸ்திரேலியப் பயணத்துக்காக அங்கிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினார். வார நாட்களில் கிரிக்கெட், ஞாயிற்றுக்கிழமை அங்குள்ள பேராலயங்களில் பிரசங்கம். பிரசங்கங்களுக்கு நல்ல கூட்டம். கைகளுக்குத்தான் பயிற்சி விட்டுப்போயிருந்தது. கேட்ச் மேல் கேட்சாகக் கோட்டைவிட்டார்.

அந்த அணியின் வேகப்பந்து வீச்சாளர் ஃப்ரெட் ட்ரூமன். யார்க்‌ஷயர் சுரங்கத் தொழிலாளியின் மகன். வாயும் பந்தைப் போலவே வேகம். தன் பந்தில் ஷெப்பர்ட் கேட்சைத் தவறவிட்டதும், 'ரெவரெண்ட், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்துக்கொண்டாவது இரண்டு கையையும் சேர்த்து வையுங்கள்' என்ற தோரணையில் அவர் சொன்னதாக ஒரு கதை கிரிக்கெட் உலகில் இன்றும் உலவுகிறது. இன்னொரு கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு தம்பதி. குழந்தைக்கு ஷெப்பர்ட்தான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. கணவன் பதறிவிட்டானாம்: 'அவர் கையிலா? குழந்தையைக் கீழே போட்டுவிடுவார்!'

சிரிப்புக் கதைகள்தான். ஆனால் மரியாதைக் குறைவு என்று யாரும் இவற்றைச் சொல்லவில்லை. கேட்சை விட்டால் திட்டு வாங்க வேண்டும் என்பது எல்லா ஃபீல்டருக்கும் பொது. ஷெப்பர்டுக்கும் அது கிடைத்தது. மெல்போர்னில் அந்தத் தொடரின் இரண்டாவது டெஸ்ட்டில் முதல் இன்னிங்ஸில் அவர் பூஜ்யம். இரண்டாவது இன்னிங்ஸில் 113. வெற்றிக்கான ரன்னை எடுக்க ஓடும்போது ரன் அவுட். இங்கிலாந்து ஏழு விக்கெட்டில் வென்றது. பூஜ்யம் எடுத்தபோது 'பாவம், பாதிரியார்' என்று விட்டுக்கொடுத்திருந்தால், அந்த 113-ஐ யார் நம்பியிருப்பார்கள்?

இதில் ஒரு வேடிக்கை. அவரைச் சமமாக நடத்திய அந்த விளையாட்டு, தன் சொந்த வீரர்களையே சமமாக நடத்தியதில்லை. சம்பளம் வாங்காமல் ஆடும் கனவான்களுக்கு ஸ்கோர் அட்டையில் இனிஷியல் பெயருக்கு முன்னால் வரும்; கூலிக்கு ஆடுகிறவர்களுக்குப் பின்னால். 1950-ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஃப்ரெட் டிட்மஸ் என்ற தொழில்முறை வீரரின் இனிஷியலை முன்னால் அச்சடித்துவிட்டார்கள் என்று ஒலிபெருக்கியில் திருத்தம் சொன்னார்கள். உடைமாற்றும் அறை வேறு, மைதானத்துக்குள் வரும் வாசல்கூடப் பல இடங்களில் வேறு. 1962 ஜூலையில் லார்ட்ஸில் கடைசியாக நடந்த 'கனவான்கள் - ஆட்டக்காரர்கள்' போட்டியில் சதம் அடித்தவர்களில் நம் ரெவரெண்ட் ஷெப்பர்டும் ஒருவர், கனவான்கள் பக்கம். அவர் ஆஸ்திரேலியாவில் இருந்தபோதுதான், அதே ஆண்டு நவம்பரில், இந்தப் பாகுபாட்டை ஒழிக்க முடிவெடுத்தார்கள். நம் ஊரில் தனி டம்ளர் வைத்திருந்த கதையை அறிந்தவர்களுக்கு இது ஒன்றும் ஆச்சரியமாக இருக்காது.

ஷெப்பர்ட் இதையெல்லாம் பார்த்தும் பாராமல் இருந்தவர் இல்லை. நிறவெறியைக் காரணம் காட்டி, 1960-ல் இங்கிலாந்து வந்த தென்னாப்பிரிக்க அணிக்கு எதிராக ஆட மறுத்தார். பின்னால் 1975 முதல் 1997 வரை லிவர்பூலின் பிஷப். அந்த நகரத்தின் கத்தோலிக்கப் பேராயர் டெரெக் வொர்லாக்குடன் அவர் கைகோத்துச் செய்த பணிகளை அந்த ஊர் இன்றும் பேசுகிறது. 2005-ல் காலமானார். கேட்ச் விட்ட கதைகள் பிஷப்பான பிறகும் அவரைத் துரத்தின. அவரே அவற்றைச் சொல்லிச் சிரிப்பார்.

செவ்வாய் இரவு பிஷப்பும் ஞாயிறு பிஷப்பும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இதே சிக்கலுக்கு வேறொரு வடிவம். மோர்மன்கள் என்று வெளியார் அழைக்கும் சபையினரின் வழிபாட்டுக் கட்டடங்கள் பலவற்றில் கூடைப்பந்துக் கூடம் இருக்கும். ஆலயத்தையும் கூடத்தையும் பிரிப்பது ஒரு மடக்குத் தடுப்புதான். கூட்டம் அதிகமானால் தடுப்பைத் திறந்து, கூடைக்குக் கீழேயே நாற்காலி போட்டு வழிபாட்டை நடத்துவார்கள். சபைக்குள் நடந்த பெரிய கூடைப்பந்துப் போட்டி 1971 வரை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்தைத் தொட மாட்டார்கள்.

அவர்களுடைய பிஷப் முழுநேரக் குருவானவர் அல்ல. பல் டாக்டராகவோ கணக்காளராகவோ பிளம்பராகவோ இருப்பார்; சம்பளம் கிடையாது; சுமார் ஐந்து வருடம் பொறுப்பில் இருந்துவிட்டு, மறுபடி சாதாரண 'சகோதரர்' ஆகிவிடுவார். பொறுப்பில் இருக்கும்வரை அவரைவிட மூத்தவர்களும் அவரை 'பிஷப்' என்றுதான் கூப்பிடுவார்கள். பாவத்தை ஒப்புக்கொள்ளத் தனியறையில் உட்கார்வது அவர் முன்னால்தான். கோயிலுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டுமென்றால் முதலில் அவரிடம்தான் நேர்காணல். இப்போது யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கண்ணீரோடு எதையோ சொல்லிவிட்டு வந்தவன், செவ்வாய்க்கிழமை இரவு கூடைக்கு அடியில் அவரை மறித்து நிற்க வேண்டும். முழங்கையால் இடிக்கலாமா? நடுவர் தவறாக விசிலடித்தால் அவரை நோக்கிக் கத்தலாமா?

நடைமுறையில், இடிக்கிறார்கள். அந்தச் சபை ஆட்டங்களைப் பற்றி அவர்களே சொல்லிச் சிரிக்கும் ஒரு நகைச்சுவை உண்டு: ஜெபத்தோடு தொடங்கும் அடிதடி என்று. 2006-ல் இதை வைத்து ஒரு நகைச்சுவைப் படமே வந்தது. அங்கே பயம் எதிர்ப்பக்கமாக இருக்கிறது. பிஷப்புக்கு விட்டுக்கொடுப்பார்கள் என்று யாரும் கவலைப்படுவதில்லை, பிஷப்பே கோபத்தில் நிலைதவறினால் என்ன செய்வது என்பதுதான் கவலை. பதவி ஐந்து வருடக் குத்தகை, பக்கத்து வீட்டுக்காரர் என்பதால் இது சாத்தியமாகிறதோ என்னவோ. நம் ஊரில் பட்டம் ஏற்றவருக்கு அது ஆயுள் முழுக்க. அங்கி கிளையில் தொங்கினாலும் நம் கண்ணுக்கு அது அவர் மேல்தான் இருக்கிறது.

நீல அட்டை

ரோமில் இதற்கு நிறுவன ரீதியாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 2007-ல் தொடங்கிய கிளெரிகஸ் கோப்பை, அங்கே படிக்கும் குருக்களுக்கும் குருமாணவர்களுக்குமான கால்பந்துப் போட்டி. முதல் வருடம் 16 அணிகள். மைதானத்திலிருந்து பார்த்தால் புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடம் தெரியும். பாதிக்கு முப்பது நிமிடமாக ஒரு மணிநேர ஆட்டம். மஞ்சள், சிவப்பு அட்டைகளோடு நீல அட்டை ஒன்றையும் சேர்த்தார்கள். முறைகேடாக நடந்தவர் ஐந்து நிமிடம் வெளியே போய் உட்கார்ந்து யோசித்துவிட்டு வரலாம். பாவசங்கீர்த்தனத்தைக் கால்பந்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. முதல் இறுதியாட்டமே ஒரே ஒரு கோலில், அதுவும் சர்ச்சைக்குரிய பெனால்ட்டியில் முடிந்தது. தோற்ற லாத்தரன் பல்கலைக்கழக அணிக்கு அது ஆறியிருக்காது.

வத்திக்கானுக்குக் கிரிக்கெட் அணியும் உண்டு. 2013-ல் தொடங்கியது. அணியில் பெரும்பாலோர் இந்தியா, இலங்கை, பாகிஸ்தானிலிருந்து ரோமுக்குப் படிக்கப் போன குருமாணவர்கள். தென்னை மட்டையை மட்டையாக்கி ஆடத் தொடங்கிய கைகள்! 2014 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கிளம்புவதற்கு முன் போப் பிரான்சிஸ் அவர்களுடைய பேட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேன்டர்பரியில் ஆங்கிலிகன் குருக்களின் அணியோடு இருபது ஓவர் ஆட்டம். வத்திக்கான் 106. ஆங்கிலிகன்கள் கடைசி ஓவரில் அதைத் தாண்டினார்கள். எட்டாம் ஹென்றி காலத்திலிருந்து நடந்துவரும் வழக்கு ஒன்று இருபது ஓவரில் தீர்ந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. 2016-ல் ரோமில் நடந்த ஆட்டத்தில் வத்திக்கான் ஜெயித்தது.

இந்த இரண்டிலும் எனக்கு ஒரு குறை. எல்லோருமே அங்கிக்காரர்கள். குருவுக்கும் குருவுக்கும் நடுவில் சமம் என்பது எளிது. மீன்காரர் மகன் சாமியாரின் காலைத் தட்டிவிடுவதுதான் கஷ்டம்.

இன்றைய போப் பதினான்காம் லியோ டென்னிஸ் ஆடுகிறவர். 2025 மே மாதம் அவர் பொறுப்பேற்ற சில நாளில் இத்தாலியின் யானிக் சின்னர் அவரைப் பார்க்கப் போய் ராக்கெட்டைப் பரிசளித்தார். இரண்டு பந்து அடிக்கலாமா என்ற பேச்சு வந்தபோது போப் சுற்றுமுற்றும் பார்த்து, எதையாவது உடைத்துவிடுவோம் என்பதுபோல் சிரித்து மறுத்துவிட்டார். நான் நினைப்பது வேறு. அந்த அறையில் சின்னர் தன் நிஜமான சர்வீஸைப் போட்டிருப்பாரா? நிச்சயமாக மாட்டார். போப்புக்கும் அது தெரிந்திருக்கும். திபெத்தில் பொட்டாலா அரண்மனையில் வளர்ந்த தலாய் லாமாவுக்கு அந்த வகையில் அதிர்ஷ்டம். அரண்மனையைப் பெருக்கித் துடைக்கும் பணியாளர்கள்தான் அவருக்கு விளையாட்டுத் தோழர்கள். அவர்களைப் பற்றி அவர் பிரியத்தோடு எழுதியிருக்கிறார்.

பந்து யாருடையது?

எங்கள் மைதானத்துக்குத் திரும்புகிறேன். நான் சாமியாரைத் தள்ளிவிட்டதில் அப்பாவுக்கு வந்தது கோபம் இல்லை, பயம். அது எனக்கு அப்போது தெரியாது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் சாமியார். எனக்குப் பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். கையெழுத்து சாமியாருடையது. மைதானம் கோயில் நிலம். நாங்கள் ஆடிய பந்தே பங்கு அலுவலகப் பீரோவில் பூட்டியிருக்கும். சாவி அவருடைய இடுப்பில். அப்படிப்பட்டவரின் காலில் இருக்கும் பந்தை எவன் பிடுங்குவான்? மரியாதையால் ஒதுங்கினோம் என்று சொல்லிக்கொள்கிறோமே, அதில் எத்தனை பங்கு மரியாதை, எத்தனை பங்கு கணக்கு? இருட்டியதும் ஆட்டம் முடிந்துவிடும், திங்கட்கிழமை முடியாது. திங்கட்கிழமை அவர் கையில் இருக்கும்வரை ஞாயிற்றுக்கிழமை சமம் என்பது பேச்சுக்குத்தான்.

ஊர்க் கமிட்டியில் ஒருவர், எங்கள் வீட்டுக்குக் குற்றம் கட்ட வேண்டும் என்று பேசத் தொடங்கினார். அபராதம் என்பதைக் கடற்கரையில் அப்படித்தான் சொல்வோம். சாமியார் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "ஃபவுலுக்கு ஃப்ரீ கிக் குடுத்தாச்சு. ஒரு குத்தத்துக்கு எத்தன தண்டன?" பேச்சு அங்கேயே நின்றது.

அதோடு அவர் விடவில்லை. அடுத்த வாரம் இரண்டு காரியம் செய்தார். பீரோச் சாவியை எங்கள் டீம் கேப்டனிடம் கொடுத்துவிட்டார். அரசுப் பள்ளிக்கூடத்து பி.டி. சாரைக் கூப்பிட்டு விசிலைக் கையில் கொடுத்தார். அந்த பி.டி. சார் சி.எஸ்.ஐ. என்ற புரொட்டஸ்டன்ட் சபைக்காரர். எங்கள் சாமியாரிடம் ஓலையும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். முதல் நாளே சாமியாருக்கு எதிராக ஹேண்ட்ஸ் கொடுத்தார். சாமியார் சண்டைக்குப் போனார். "களத்துல நான்தான் பெரிய ஆளு சாமி, போங்க" என்றார் சார். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். சாமியார் முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றார். (ரோமில் கிளெரிகஸ் கோப்பையை நடத்தும் இத்தாலிய விளையாட்டு மையத்தின் சுருக்கப் பெயரும் சி.எஸ்.ஐ.தான். பி.டி. சார் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.)

பெண்கள் பக்கம் இதெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. கான்வென்ட் போர்டிங்கில் படித்த அக்காவிடம் கேட்டேன். மாலை நேரம் சிஸ்டர்கள் முக்காட்டைப் பின் குத்திக்கொண்டு பிள்ளைகளோடு த்ரோபால் ஆடுவார்களாம். மதருக்கு விட்டுக்கொடுப்பீர்களா என்றேன். "விட்டுக்குடுக்கவா? அவங்க சைடுதான் வீக்கு. எல்லாப் பந்தும் அங்கதான் போடுவோம்" என்றாள். ஓலையும் சான்றிதழும் மதரின் கையில் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆட்டம்னா ஆட்டம்தான் என்கிறாள்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். ஓய்வுபெற்ற குருக்கள் தங்கும் இல்லம். வயது எழுபத்தெட்டு. சர்க்கரை, இடது காலில் இரண்டு விரல் இல்லை. "பரவால்ல, அந்தக் கால் எப்பவுமே உதவினதில்ல" என்றார். என் பெயர் அவருக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. ஊரைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன். தலையசைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "மணல்ல உங்களத் தள்ளிவிட்டவன், சாமி" என்றேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீயாலே அது!"

கட்டன்சாயா வந்தது. என்ன செய்கிறாய், எத்தனை பிள்ளைகள், பூசைக்குப் போகிறாயா என்று எதையும் கேட்கவில்லை. அது ஃபவுல்தான் என்றார். பந்தைத்தான் முதலில் தொட்டேன் என்றேன். முப்பது வருடத்துக்கும் மேலாக இதைச் சொல்லக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சாமியார் டீப்பாயிலிருந்த செய்தித்தாளை ஒதுக்கினார். இரண்டு டம்ளரையும் எடுத்து, ஒன்றைத் தன் பக்கமும் ஒன்றை என் பக்கமும் வைத்தார். மாத்திரை டப்பாவை நடுவில் நிறுத்தினார்.

"இதுதான் பந்து. நீ எங்கேருந்து வந்த? இங்கேருந்துதானே? அப்ப சொல்லு, எதுலே முதல்ல பட்டுச்சு?"